‘எம்’ படத்தின் இறுதியில் தீர்ப்பு ஏன் சொல்லப்படவில்லை?

ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1931இல் வெளியான ‘எம்’ என்ற ஜெர்மன் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகளைக் கொன்றவனுக்குக் கடைசியில் மரண தண்டனை கிடைத்ததா, அல்லது அவன் மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டானா என்பது ஒன்று. நீதிபதிகள் வந்து அமர்ந்ததுமே காட்சி மாறி, மூன்று தாய்மார்கள் தோன்றி, அவர்களில் ஒருத்தி ஓரிரு வாக்கியம் பேசியவுடன் படம் முடிந்துவிடுகிறதே, உங்களுக்குக் கிடைத்த பிரதியில் ஏதாவது வெட்டப்பட்டிருக்கிறதா என்பது மற்றொன்று. நீங்கள் வெளிப்படையாகக் கேட்காவிட்டாலும் இவற்றுக்கு அடியில் மூன்றாவது கேள்வி ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: இந்தப் படம் மரண தண்டனையை ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா? நான் திரைப்பட வரலாறு கற்பிப்பவன். பல ஆண்டுகளாக மாணவர்களோடு அமர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தும் விவாதித்தும் வருகிறேன். ஜெர்மன் சட்டம் என் தொழில் அன்று. அதைப் பற்றிச் சொல்லப்போவது படித்து அறிந்தது மட்டுமே.

பிரதியைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1931 மே 11 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது படம் ஏறக்குறைய 117 நிமிடம் ஓடியது. இன்று கிடைக்கும் சீரமைக்கப்பட்ட பிரதி 110 நிமிடத்தை ஒட்டியது. ஆகவே சில நிமிடங்கள் நம் கைக்கு வந்து சேரவில்லை என்பது உண்மைதான். இடையில் பல ஆண்டுகள் இதைவிடக் குறுகிய பிரதிகளே உலகெங்கும் சுற்றிவந்தன. 1960இன் மறுவெளியீட்டில் படத்தைச் சுருக்கியதோடு, லாங் வேண்டுமென்றே நிசப்தமாக விட்ட இடங்களில் ஓசைகளையும் சேர்த்தார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அக்காலத்திலேயே தனி வடிவங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றில் சில காட்சிகள் மீண்டும் எடுக்கப்பட்டன, கடைசிப் பகுதியும் ஜெர்மன் மூலத்தைப் போல் இராது. நீங்கள் பார்த்தது மூன்று தாய்மார்களோடு முடிந்தது என்று எழுதியிருப்பதால் அது ஜெர்மன் மூலத்தின் முடிவுதான். தீர்ப்பு வாசிக்கப்படும் காட்சி ஒன்று எடுக்கப்பட்டுப் பின்னர் தொலைந்துபோனது என்று கருத எந்த ஆதாரமும் இல்லை. தீர்ப்பைச் சொல்லாமல் விட்டது படத்தின் தீர்மானம்.

அந்த முடிவில் என்ன நடக்கிறது என்பதை வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனெனில் பலரும் அதை ‘காவல்துறை வந்து காப்பாற்றிவிடுகிறது’ என்ற அளவில் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். கொலைகாரனைத் தேடி நகரமெங்கும் நடக்கும் சோதனைகளால் தொழில் கெட்டுப்போன குற்றக்கும்பல்கள், பிச்சைக்காரர்களின் கண்களைத் துணைக்கொண்டு தாங்களே ஹான்ஸ் பெக்கர்ட் என்ற அவனைக் கண்டுபிடித்து, மூடிக் கிடக்கும் ஒரு சாராய ஆலையின் நிலவறைக்கு இழுத்து வருகின்றன. அங்கே ஷ்ரென்கர் என்ற கும்பல் தலைவனின் தலைமையில் ஒரு விசாரணை நடக்கிறது. பெக்கர்ட்டாக நடித்த பீட்டர் லோரே, தன்னுள் ஒருவன் தன்னையே ஓயாமல் துரத்துவதையும், செய்த பின் எதுவும் நினைவில் இல்லாமல் சுவரொட்டியைப் படித்துத்தான் தான் செய்ததை அறிந்துகொள்வதையும் அலறி அலறிச் சொல்கிறார். வழக்கறிஞராக நியமிக்கப்பட்டவர், தன் செயலுக்குப் பொறுப்பாக முடியாத ஒருவனைக் கொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது, அரசுக்கும் கிடையாது என்று வாதிடுகிறார். கூட்டம் கொதித்தெழுந்து பெக்கர்ட் மீது பாய்கிறது. பாய்ந்தவர்கள் திடீரென்று நின்று, ஒவ்வொருவராகக் கைகளை உயர்த்துகிறார்கள். காவலர்கள் சட்டகத்துக்குள் வரவே இல்லை. பெக்கர்ட்டின் தோளில் ஒரு கை விழுகிறது, ‘சட்டத்தின் பெயரால்’ என்ற குரல் கேட்கிறது. அடுத்து நீதிமன்றம், நீதிபதிகள் அமர்கிறார்கள், ‘மக்களின் பெயரால்’ என்று தீர்ப்பின் முதல் வாசகம் ஒலிக்கிறது. அவ்வளவுதான், கறுப்புடை அணிந்த மூன்று பெண்களுக்குக் காட்சி மாறுகிறது. கொல்லப்பட்ட சிறுமி எல்சியின் தாயான திருமதி பெக்மான், இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை, குழந்தைகளை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். திரை இருண்ட பிறகு, அதைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள் எல்லோரும் என்று பொருள்படும் ஒரே சொல் கேட்கிறது.

தோளில் விழுந்த அந்தக் கையைச் சற்று உற்றுப் பாருங்கள். பெக்கர்ட்டின் தோளை ஒரு கை பற்றுவது இது மூன்றாம் முறை. தெருவில் வழுக்கி விழப்போனதுபோல் நடித்து, உள்ளங்கையில் சுண்ணக்கட்டியால் எழுதிய ‘எம்’ என்ற எழுத்தை அவன் மேலங்கியில் பதித்தவனுடைய கை முதலாவது. நிலவறையில் பின்னாலிருந்து வந்து அவனைத் திடுக்கிட வைத்த, பார்வையற்ற பலூன் வியாபாரியின் கை இரண்டாவது. எல்சிக்காக பலூன் வாங்கியபோது இவன் அடித்த சீழ்க்கையை அந்த வியாபாரியின் காது மறக்கவில்லை. மூன்றாவது கை சட்டத்தினுடையது. மூன்றும் ஒரே அசைவாகவே படமாக்கப்பட்டிருக்கின்றன. சட்டத்தின் கை முந்தைய இரண்டிலிருந்து வேறுபட்டதா, அல்லது அவற்றின் தொடர்ச்சியா? படம் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் முகமில்லாத ஒரு கையை மட்டும் காட்டுவதன் மூலம், சட்டம் வந்துவிட்டது என்ற நிம்மதியைப் பார்வையாளனுக்கு முழுதாகக் கொடுக்க மறுக்கிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். அப்போது நடைமுறையிலிருந்தது 1871ஆம் ஆண்டின் ஜெர்மன் தண்டனைச் சட்டம். அதன் 211ஆம் பிரிவின்படி, எண்ணித் துணிந்து செய்த கொலைக்கு மரண தண்டனை மட்டுமே உண்டு. 51ஆம் பிரிவு, செயலைச் செய்த வேளையில் மனச் சீர்குலைவால் சுய விருப்பம் இயங்க முடியாத நிலையில் ஒருவன் இருந்தால் அது குற்றச்செயலே ஆகாது என்றது. ஷ்ரென்கர் தன் வாதத்தில் எள்ளலோடு குறிப்பிடுவது இந்த 51ஆம் பிரிவைத்தான்: இவன் அதைப் பிடித்துக்கொண்டு அரசு செலவில் விடுதியில் வாழ்வான், பிறகு தப்பிப்பான் அல்லது விடுவிக்கப்படுவான், மறுபடியும் குழந்தைகளை வேட்டையாடுவான் என்கிறான். இதை வில்லன் பேசும் வெற்றுப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 51ஆம் பிரிவின் கீழ் விடுதலையாகும் ஒருவனை மனநோய் விடுதியில் அடைக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் அன்றைய குற்றவியல் நீதிமன்றத்துக்கு இல்லை. அது நிர்வாகத்தின் கையில் இருந்தது. அந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு வந்தது 1933 நவம்பரில், நாஜி ஆட்சி கொண்டுவந்த சட்டத்தின் மூலம். அதைவிட முக்கியமானது, காவல்துறை பெக்கர்ட்டின் அறையைக் கண்டடைந்த விதம். ஆபத்தில்லாதவர்கள் என்று மனநோய் விடுதிகளிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டுதான் துப்பறிவாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. அதாவது, ஷ்ரென்கர் எச்சரிக்கும் விபரீதம் ஒருமுறை நடந்தே விட்டது. கும்பல் தலைவனின் வாயில் இவ்வளவு வலுவான வாதத்தை வைத்ததை இந்தப் படத்தின் நேர்மையாகவே நான் கருதுகிறேன்.

அப்படியானால் நீதிமன்றம் என்ன தீர்ப்பு சொல்லியிருக்கும்? படத்துக்குள் இருக்கும் சான்றுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. காவல்துறைக்காகக் கையெழுத்தை ஆராயும் நிபுணர் அவனுடைய எழுத்தில் பைத்தியத்தின் சாயலைக் காண்கிறார்; அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடி முன் நின்று தன் வாயை விரல்களால் கோணலாக்கிப் பார்க்கும் பெக்கர்ட்டை நமக்குக் காட்டுகிறார் லாங். இது 51ஆம் பிரிவின் பக்கம் சாய்கிறது. ஆனால் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியதும், பலூனும் தின்பண்டமும் வாங்கிக் கொடுத்துக் குழந்தையின் நம்பிக்கையைப் பெற்றதும் திட்டமிட்ட செயல்கள் என்று அரசு வழக்கறிஞர் வாதிடலாம். அது 211ஆம் பிரிவின் பக்கம் சாய்கிறது. இதற்கு மேல் படத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பை ஊகிப்பது, ஆசிரியர் எழுதாத அத்தியாயத்தை நாமே எழுதுவதாகும்.

ஆனால் 1931இன் பார்வையாளர்கள் என்ன ஊகித்திருப்பார்கள் என்பதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். டியூசல்டார்ஃப் நகரை நடுங்க வைத்த தொடர்கொலைகாரன் பீட்டர் க்யூர்ட்டன் 1930 மே மாதம் பிடிபட்டான். மருத்துவ வல்லுநர்கள் அவன் தன் செயலுக்குப் பொறுப்பேற்கக்கூடியவன் என்றே சான்றளித்தார்கள். 1931 ஏப்ரல் 22 அன்று ஒன்பது கொலைகளுக்காக அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜூலை 2 அன்று கொலோன் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது. படம் வெளியானதோ இவ்விரண்டு தேதிகளுக்கும் இடையில். திரையரங்கில் அமர்ந்து ‘மக்களின் பெயரால்’ என்ற வாசகத்தைக் கேட்டவர்களுக்கு, சில நாட்களுக்கு முன் செய்தித்தாளில் படித்த தீர்ப்பு நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. க்யூர்ட்டன் இன்னும் உயிரோடு சிறையில் இருந்தான். அவனைக் கொல்ல வேண்டுமா, மரண தண்டனையையே ஒழிக்க வேண்டுமா என்ற விவாதம் ஜெர்மனியில் சூடாக நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு விடப்பட்ட அந்த வெற்றிடம் அன்றைய பார்வையாளருக்கு வெற்றிடமாகவே இருந்திராது. நமக்கு அது புதிராகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சூழல் நம்மிடம் இல்லாததுதான். க்யூர்ட்டன்தான் பெக்கர்ட் என்று அடித்துச் சொல்வோரும் உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அவன் பிடிபடுவதற்கு முன்பே திரைக்கதை முடிந்துவிட்டது என்று லாங் பின்னாளில் கூறினார். படத்தின் தொடக்கத்தில் முற்றத்தில் குழந்தைகள் பாடும் பாட்டு, 1925இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட, ஹானோவரின் தொடர்கொலைகாரன் ஃபிரிட்ஸ் ஹார்மானைப் பற்றித் தெருக்களில் பாடப்பட்டதிலிருந்து வந்தது. ஆக, ஒரே ஒருவனை மாதிரியாக வைத்து எழுதிய பாத்திரம் அன்று இது.

தீர்ப்பு ஏன் விடப்பட்டது என்பதற்கு என் விளக்கம் இதுதான்: படம் விசாரணையை ஏற்கெனவே நடத்தி முடித்துவிட்டது. நிலவறையில் குற்றம் சாட்டுபவர் இருக்கிறார், சாட்சி இருக்கிறார், குற்றம் சாட்டப்பட்டவனின் வாக்குமூலம் இருக்கிறது, வழக்கறிஞரின் வாதமும் இருக்கிறது. உண்மையான நீதிமன்றம் புதிதாகச் சொல்லக்கூடிய வாதம் எதுவும் மிச்சமில்லை. மிச்சமிருப்பது தண்டனை மட்டுமே. அந்தத் தண்டனையைக் காட்டியிருந்தால், நிலவறையில் எழுந்த கேள்விக்கு அதுவே விடையாகிவிடும். மரண தண்டனை என்று வந்திருந்தால், கூட்டம் கேட்டதையே சட்டமும் சற்று நாகரிகமாகச் செய்தது என்றாகும். அப்போது ஷ்ரென்கரைத் தடுத்ததற்கே பொருளில்லை. விடுதி என்று வந்திருந்தால், அவன் சொன்ன எள்ளல் பலித்தது என்று பார்வையாளன் கசப்போடு எழுந்து போவான். இரண்டில் எது வந்தாலும், பார்ப்பவன் வாதங்களை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். தீர்ப்பைத் துண்டித்ததால் அவன் வாதங்களோடு வெளியேற வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து படம் நடுநிலை வகிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கேதான் பல விமர்சனங்களோடு நான் முரண்படுகிறேன். கூட்டம் தானாகத் தண்டிப்பதைப் படம் மறுக்கிறது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. மூன்று உயிர்களைப் பறித்ததற்காகத் தேடப்படும் ஒருவன் நீதிபதி ஆசனத்தில் இருப்பதை அந்த வழக்கறிஞரே எல்லோர் முன்னும் சுட்டிக்காட்டுகிறார். கும்பல்கள் இந்த வேட்டையைத் தொடங்கியது குழந்தைகளுக்காக அன்று, தங்கள் வருமானத்துக்காக; அதைப் படத்தின் நடுப்பகுதி விளக்கமாகவே காட்டுகிறது. காவல் அதிகாரிகளின் கூட்டத்தையும் குற்றவாளிகளின் கூட்டத்தையும் மாற்றி மாற்றி வெட்டி, ஒருவர் தொடங்கிய கையசைவை மற்றவர் முடிப்பதுபோல் இணைத்த அந்தப் புகழ்பெற்ற பகுதியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் அரசு விதிக்கும் மரண தண்டனையைப் பற்றிப் படம் அதே உறுதியோடு பேசவில்லை. வழக்கறிஞரின் வாயால் எதிர்ப்பு வலுவாகவே வருகிறது. தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள் என்று ஒரு பெண் கத்தும்போது அதற்கு மறுமொழி சொல்ல அவராலும் முடியவில்லை. இந்த இடத்தில் படம் திறந்தே இருக்கிறது. திறந்திருப்பதை மூடிக்காட்டும் எந்த விளக்கத்தையும் நான் ஏற்பதில்லை.

தாயின் கடைசிப் பேச்சைப் பலர் வெறும் எச்சரிக்கை வாசகமாக எடுத்துக்கொண்டு, இது படத்தின் தரத்துக்குப் பொருந்தாத உபதேசம் என்பார்கள். தொடக்கக் காட்சியோடு சேர்த்துப் பார்க்காததால் வரும் எண்ணம் அது. திருமதி பெக்மான் கவனமில்லாத தாய் அல்லள். சலவைத் தொட்டியின் முன் குனிந்து நிற்கிறாள், மதியச் சாப்பாட்டுக்கு மேசையில் தட்டு வைக்கிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், படிக்கட்டில் எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் போய் நிற்க அவளால் முடியாது. பள்ளியிலிருந்து வெளியே வரும் எல்சியை ஒரு காவலர் போக்குவரத்தை நிறுத்திப் பத்திரமாகச் சாலையைக் கடக்க வைக்கிறார். சற்றுத் தூரத்தில், 10,000 மார்க் பரிசு அறிவித்து ஒட்டிய சுவரொட்டியின் மேலேயே அவள் பந்தை அடித்து விளையாட, அதே சுவரொட்டியில் ஒரு மனிதனின் நிழல் விழுகிறது. காவல்துறை தன் வேலையைச் செய்திருக்கிறது, அறிவிப்பும் ஒட்டப்பட்டிருக்கிறது, தாயும் காத்திருக்கிறாள். இவ்வளவும் இருந்தும் குழந்தை போய்விட்டது. இதை முதல் சில நிமிடங்களிலேயே காட்டிவிட்ட படம், கடைசியில் தாய்மார்கள் மீது மட்டும் பழியைச் சுமத்துவதாகப் படிப்பது நியாயமாகாது. அவள் பேச்சின் கடைசிச் சொல் இருட்டில், முகமில்லாமல், அரங்கில் இருக்கும் எல்லோரையும் நோக்கி வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இது என் வாசிப்பு. அந்தச் சொல்லைப் பிற தாய்மார்களுக்குக் கூறியதாகவும் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

படத்தின் நிலைப்பாட்டைத் தீர்க்க இருவரை அடிக்கடி சாட்சிக்கு அழைப்பார்கள். ஒருவர் நாஜிக் கட்சியின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸ். அவர் 1931 மே மாதம் படத்தைப் பார்த்துவிட்டு, மனிதாபிமானப் பசப்புக்கு எதிரானது, மரண தண்டனைக்கு ஆதரவானது, லாங் ஒருநாள் நம்முடைய இயக்குநர் ஆவார் என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். அவர் ஷ்ரென்கரின் வாதத்தையும் கூட்டத்தின் கூச்சலையும் கேட்டார், வழக்கறிஞரைக் கேட்கவில்லை என்பதைத் தவிர இதிலிருந்து நான் எதையும் நிறுவ மாட்டேன். அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தபின் 1934இல் இப்படத்தைத் தடை செய்தது. பின்னர் 1940இல் யூதர்களுக்கு எதிரான ஒரு பிரசாரப் படத்தில், யூதரான லோரேயின் இந்த வாக்குமூலக் காட்சியை வெட்டி எடுத்து ஒட்டிக்கொண்டது. இரண்டாவது சாட்சி லாங். வெளியான ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில், மறைந்திருக்கும் ஆபத்தைப் பற்றி எச்சரிப்பதையே படத்தின் தலையாய பணியாகக் குறிப்பிட்டார். இது தாயின் கடைசிப் பேச்சோடு பொருந்துகிறது; அக்காலத்திலேயே எழுதப்பட்டது என்பதால் எடையும் கூடுதல். பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவிலிருந்து அவர் அளித்த நேர்காணல்களை நான் அவ்வளவு நம்புவதில்லை. கோயபல்ஸைச் சந்தித்த அன்றிரவே ஜெர்மனியை விட்டு ஓடிவிட்டதாக அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதைக்கு அவருடைய கடவுச்சீட்டு முத்திரைகளே ஒத்துவரவில்லை என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். திரைக்கதையில் அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பூவின் பங்கு பெரிது; அவர் ஜெர்மனியிலேயே தங்கி நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். எந்த வரி யாருடையது என்று பிரித்துக் காட்டும் முயற்சிகள் எனக்கு உறுதியளித்ததில்லை. அந்தப் பிரிப்பைக் கொண்டு முடிவின் பொருளைத் தீர்மானிப்பதும் சரியன்று.

ஆகவே யாராவது, பெக்கர்ட்டுக்கு மரண தண்டனைதான் என்று சொன்னால், அன்றைய சூழலை வைத்துப் பார்க்கையில் அது நியாயமான ஊகம். படம் அப்படிச் சொல்கிறது என்றால் தவறு. மறுமுறை பார்க்கும்போது, பெக்கர்ட் பேசிக்கொண்டிருக்கையில் கேட்பவர்களின் முகங்களைத் தனியாகக் காட்டும் இடங்களில் கவனம் வையுங்கள். அவன் சொல்வதைக் கேட்டுத் தம்மை அறியாமல் தலையசைக்கும் திருடர்கள் சிலர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். சில நிமிடங்களில், வழக்கறிஞரின் பேச்சைக் கேட்க விடாமல் சிரித்தும் கத்தியும் அடக்குவது அதே கூட்டம்தான். இந்த மாற்றம் எந்த நொடியில் நிகழ்கிறது, யாருடைய எந்தச் சொல்லால் நிகழ்கிறது என்று குறித்துக்கொண்டு பாருங்கள். முடிவைப் பற்றி நான் சொன்னவற்றுள் எது நிற்கும், எது நிற்காது என்பதை அதை வைத்து நீங்களே சோதித்துவிடலாம்.